பட்டிகளின் வரைபடம் எங்கே?

2023 ஜூன் மாதம் வடமேல் மாகாணத்தில் மாடுகளை ஏற்றிச் செல்வதும் இறைச்சிக்காக அறுப்பதும் நிறுத்திவைக்கப்பட்டன. குருநாகல் மாவட்டத்து மாடுகளிடையே தோல் கழலை நோய் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. அந்த மாதம் 29ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். மதுரங்குளியை அடுத்த கனமூலை போன்ற புத்தளம் கரையோரக் கிராமங்களில் உழ்ஹிய்யா எனும் பெருநாள் குர்பானுக்கு மாடு பேசி முற்பணம் கொடுத்தவருக்கும், அந்த ஒரு பருவத்து விற்பனையை நம்பி ஆண்டு முழுக்க மாட்டைப் பராமரித்தவருக்கும் எழக்கூடிய கேள்வி ஒன்றுதான்: நம் ஊர்ப் பட்டியில் நோய் இருக்கிறதா, இல்லையா? ஊர் மட்டத்தில் இதற்குப் பதில் இல்லாததால்தான் மாகாணம் முழுவதற்கும் ஒரே பதிலைச் சொல்லவேண்டி வந்தது.

அந்த உத்தரவை நான் குறைகூறவில்லை. நோய் எங்கே நிற்கிறது என்று தெரியாதபோது எல்லா வழியையும் அடைப்பது பொறுப்பான முடிவுதான். ஆனால் வடமேல் மாகாணத்தின் பரப்பு 7,888 சதுர கிலோமீட்டர். இந்த நோயைக் காவும் ஈயும் நுளம்பும் வழமையாகச் சுற்றுவதோ சில கிலோமீட்டருக்குள். இந்த இரண்டு அளவுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைச் சுமந்தவர்கள் யார்? நோயே எட்டாத ஊர்களில் இரண்டு மாடும் மூன்று மாடும் வைத்திருந்தவர்கள். பட்டி பட்டியாக வரைந்த ஒரு நோய் வரைபடம் கையில் இருந்திருந்தால், அடைக்கவேண்டிய ஊர்களை அடைத்துவிட்டு மற்ற ஊர்களை மூச்சுவிட அனுமதித்திருக்கலாம்.

தோல் கழலை நோய் ஆட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸால் வருவது. முதலில் காய்ச்சல், பிறகு உடலெங்கும் கட்டிகள் எழும்பும், கால் வீங்கும், பால் வற்றும், சினை கலையும். இறக்கும் மாடுகளின் விகிதம் பெரும்பாலும் குறைவு. ஆனால் பிழைத்த மாடும் பழைய பாலைத் தர மாதக்கணக்காகும், தோல் விலைபோகாது. இது மனிதருக்குத் தொற்றாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் நோய்ச் செய்தி வந்த மறுநாளே பாலையும் இறைச்சியையும் பற்றிக் கிளம்பும் வதந்திகள்தான், மாட்டுக்காரர்களை வாய்மூட வைக்கும் முதல் காரணம்.

இன்றைய சாம்பியாவில் 1929இல் முதலில் பதிவான இந்த நோய், ஆபிரிக்காவுக்கு வெளியே இஸ்ரேலில் தென்பட 1989 வரை ஆனது. 2013இல் துருக்கி, 2015இல் கிரேக்கம். 2019இல் பங்களாதேஷிலும் ஒடிசாவிலும் சீனாவின் மேற்கெல்லையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைகாட்டியது. 2020இல் இலங்கையின் வட மாகாணத்துக்கு வந்தது. 2022இல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் உலுக்கி, இந்தியாவில் பல்லாயிரக்கணக்கான மாடுகளைக் கொன்றது. அறுபது ஆண்டு ஒரு கண்டத்துக்குள் கிடந்த நோய் அடுத்த முப்பது ஆண்டில் ஆசியாவின் மறுகோடி வரை போனதற்கு ஈக்கள் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மாடுகள் லொறியில் ஏறின, எல்லை கடந்தன, சந்தையில் நின்றன, மீண்டும் ஏறின.

ஆக இந்த நோய்க்கு இரண்டு வேகம். ஒன்று ஈயின் வேகம்: பட்டியிலிருந்து பக்கத்துப் பட்டிக்கு, அங்கிருந்து அடுத்த கிராமத்துக்கு. மற்றது லொறியின் வேகம்: ஓர் இரவில் நூறு கிலோமீட்டர். புள்ளிகளை மட்டும் குத்திய வரைபடம் முதல் வேகத்தைக் காட்டும், இரண்டாவதைக் காட்டாது. ஓர் ஊரில் நோய் திடீரென்று எழும்பும்போது சுற்றியுள்ள ஊர்களைத் தேடுவது ஒரு வேலை. அந்த மாடு எங்கிருந்து வந்தது, அதே லொறியில் வந்த மற்ற மாடுகள் எங்கே இறங்கின என்று தேடுவது இன்னொரு வேலை. பெரும்பாலான நாடுகள் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதில் கோட்டைவிடுகின்றன.

இதற்கு உலகம் கொடுத்த பெரிய விலைகளில் ஒன்று 2001இல் பிரித்தானியாவில். அங்கே கால் வாய் நோய் உறுதிப்படுத்தப்பட்டது பெப்ரவரி 20ஆம் திகதி. நாடு தழுவிய நடமாட்டத் தடை மூன்று நாள் கழித்து வந்தது. பின்னர் நடந்த விசாரணையில், முதல் நோயாளி விலங்கு கண்டுபிடிக்கப்படும் முன்பே குறைந்தது 57 பண்ணைகளில் நோய் ஊன்றிவிட்டிருந்தது தெரியவந்தது. ஹெக்ஸம் சந்தைக்கும் லோங்டவுன் சந்தைக்கும் வந்துபோன செம்மறிகளோடு அது நாடெங்கும் போயிருந்தது. மாடுகளுக்கு அப்போது அங்கே கடவுச்சீட்டு உண்டு. செம்மறிகளுக்குத் தனித்தனி அடையாளம் இல்லை. எந்த விலங்கின் நடமாட்டம் பதிவில் இல்லையோ, அதன் வழியாகத்தான் நோய் நடந்தது. பிறகு கணினி மாதிரிகளை வைத்து, நோய்கண்ட பண்ணைகளைச் சுற்றி வட்டம் வட்டமாக விலங்குகளைக் கொன்றார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் அழிக்கப்பட்டன. அவற்றில் எத்தனையோ ஆரோக்கியமானவை. வட்டம் வரைவது சுலபம், வழியை வரைவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை நோய் வருமுன் செய்யாதவர்கள் வந்தபின் அகலமாக வெட்டவேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு முன்னோடி உண்டு. பல பதிற்றாண்டுகளாக இலங்கையில் இல்லாதிருந்த வெக்கை நோய் 1987இல் மீண்டும் நுழைந்தது. இந்திய அமைதி காக்கும் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும் மந்தைகள் கட்டாக்காலியாகத் திரிந்தன. கால்நடை வைத்தியர் போகமுடியாத ஊர்கள் ஏராளம். அந்த நோயை முடிக்க 1990களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்ததாக மனிதர் முற்றாக ஒழித்த நோய் அது ஒன்றுதான். கடைசிக் கட்டத்தில் அதை ஒழித்த முறை நமக்கு முக்கியம். நாடு முழுக்கக் கண்மூடித்தனமாக ஊசி போடுவதை விட்டு, நோய் எந்த மந்தைகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் போனார்கள். ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களில் எங்கே தேடவேண்டும் என்று காட்டியவர்கள் மேய்ப்பர்களே.

கனமூலைக்கு வருவோம். இந்தக் கரையில் ஒரு மாட்டை வரைபடத்தில் எங்கே குறிப்பது? கேள்வி எளிது, பதில் அப்படியல்ல. மாட்டுக்காரரின் வீடு ஓரிடம். இரவில் மாடு அடையும் பட்டி இன்னோரிடம். பகலில் தென்னந்தோட்டத்து நிழல், களப்போரத்துப் புல்வெளி, கைவிட்ட இறால் குளங்களின் வரம்பு. உள்நாட்டுப் பக்கம் பெரும்போகம் விதைக்கும்போது மாடுகளை வயலிலிருந்து விலக்கிக் காட்டோரம் ஓட்டவேண்டும். அறுவடை முடிந்தால் அவை தாளடிக்குத் திரும்பும். ஒரே மாட்டுக்கு மாசியில் ஓரிடம், ஐப்பசியில் வேறிடம். கோடைகாலத்தில் பல ஊர் மாடுகளும் ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கும். அந்தக் குளக்கரைதான் உண்மையான சந்திப்பு, பரவலும் அங்கேதான். ஆனால் உத்தியோகபூர்வ வரைபடத்தில் குளம் நீலமாக மட்டும் இருக்கும்.

அலுவலக வழக்கப்படி மாடு குறிக்கப்படுவது பெரும்பாலும் உரிமையாளரின் முகவரியில், இன்னும் மோசமாக, முறைப்பாடு பதிந்த கால்நடை வைத்திய அலுவலகத்தின் பிரிவில். அப்படி வரைந்தால் நோய் அலுவலகங்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தெரியும். திகதியிலும் இதே சிக்கல். கட்டி எழும்பிய நாள் ஒன்று. வைத்தியர் வந்து பார்த்த நாள் ஒன்று. கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் மாதிரி உறுதியான நாள் இன்னொன்று. மூன்றையும் கலந்து வரைந்தால் நோய் பின்னோக்கி நடப்பதுபோலக்கூடத் தெரியும். அடைகாலத்துக்கு 28 நாள் வரை இடம்விட்டுக் கணக்கிடச் சொல்கிறது உலக விலங்கு சுகாதார அமைப்பு. ஆகவே ஒரு மாட்டில் கட்டி தெரியும்போது, அதற்கு முந்திய ஒரு மாதத்தில் அது எங்கே நின்றது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. "இந்த மாட்டை யாரிட்ட வாங்கினீங்க நானா, எந்தப் பக்கம் மேயவிட்டீங்க?" என்று பட்டியில் நின்று கேட்டால் கிடைக்கும் பதிலை எந்தச் செய்மதியும் தராது.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது வெள்ளையாக விடப்பட்ட இடம். வரைபடத்தில் ஓர் ஊர் வெள்ளையாக இருந்தால், அங்கே நோய் இல்லை என்றும் இருக்கலாம், அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுப்பது பெருந்தவறு. 'இந்த வாரம் பார்த்தோம், நோய் இல்லை' என்ற அறிக்கையும் 'நோய் உண்டு' என்ற அறிக்கையைப் போலவே பதியப்படவேண்டும். மலேரியாவில் இந்த நாடு இதைச் செய்துகாட்டியிருக்கிறது. நோய் குறைந்துகொண்டு போனபோதும் இரத்தப் பரிசோதனையைக் கைவிடாமல், கிடைத்த ஒவ்வொரு நோயாளியையும் வீடுதேடிப் போய், தொற்று உள்ளூரில் வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று விசாரித்தார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததன் பின்னால் இருப்பது அந்தச் சலிக்காத தேடல்தான். மனிதருக்குச் செய்யத் தெரிந்த வேலையை மாட்டுக்குச் செய்ய நமக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது.

ஒழுங்கான வரைபடம் நோயைக் காட்டுவதோடு, நோயல்லாததையும் பிரித்துக் காட்டும். 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் திடீரென்று செத்து விழுந்தன. தொற்றுநோயோ என்ற அச்சத்தில் அப்பகுதிகளிலிருந்து இறைச்சி கொண்டுசெல்வதும் தடுக்கப்பட்டது. பரிசோதனையில் கடும் குளிரே காரணம் என்று தெரிந்தது. இடத்தையும் நாளையும் வைத்து யோசித்துப் பாருங்கள். தொற்றுநோய் ஒரே இரவில் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் சேர்ந்து விழுத்தாது. அது வழி பிடித்து, நாள் எடுத்து நடக்கும். குளிரும் காற்றும் மழையும்தான் அப்படி ஒரே வீச்சில் பரந்து விழுத்தும். செத்த இடங்களை நாள்வாரியாகக் குறித்த ஒரு தாள், ஆய்வுகூட முடிவு வருமுன்பே சந்தேகத்தைச் சரியான பக்கம் திருப்பியிருக்கும்.

இதெல்லாம் பெரிய நாடுகளின் வேலை, புத்தளத்துக்குச் சரிவராது என்று நினைப்பவர்கள் முந்தல் களப்பைப் பார்க்கவேண்டும். 1996இல் வெண்புள்ளி நோய் இந்தக் கரையின் இறால் பண்ணைகளை அழித்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஒல்லாந்தர் கால்வாய் புத்தளம் களப்பையும் முந்தல் களப்பையும் சிலாபத்தையும் ஒன்றாக இணைக்கிறது. ஒருவர் நோய்க் குளத்தைத் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீரைத்தான் மற்றவர் தன் குளத்துக்கு இறைக்கிறார். பல தடவை அடிபட்ட பிறகு பண்ணையாளர்கள் சங்கங்களாகச் சேர்ந்தார்கள். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையோடு உட்கார்ந்து, தண்ணீர்த் தொடர்பை வைத்துக் கரையை வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரித்தார்கள். எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி போட்டார்கள். நோய் கண்டால் அயலவருக்குச் சொல்லவேண்டும். கிருமியழிக்காமல் குளத்தைத் திறக்கக்கூடாது. நோய் முற்றாக ஒழியவில்லை என்பது உண்மை. ஆனால் அயலவரின் நோய் என் நோய் என்பதைத் தண்ணீரின் போக்கை வரைந்து இந்த மாவட்டத்து மக்களே புரிந்துகொண்டு, தொழிலை மீண்டும் நிமிர்த்தினார்கள்.

அந்த வலயங்களைப் பிரித்தபோது பிரதேச செயலக எல்லையைவிடத் தண்ணீர் ஓடும் திசைதான் பெரிதாகப் பார்க்கப்பட்டது. மாட்டுக்கும் அதுவே பொருந்தும். ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கும், ஒரே தாளடியில் மேயும், ஒரே தரகரின் லொறியில் ஏறும் பட்டிகள்தான் ஒரு வலயம். மாவட்ட எல்லை மாட்டுக்கும் தெரியாது, ஈக்கும் தெரியாது. இறாலுக்கு வரைந்த அந்தச் சங்கங்களில் இருந்தவர்கள் பலர் இன்றும் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தாலே பாதி வேலை முடியும் என்பது என் நம்பிக்கை.

லொறி வழிகளை வரையப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டக் காலத்திலிருந்தே அந்தக் காகிதம் எழுதப்பட்டுவருகிறது. எங்கிருந்து, எங்கே, எத்தனை, எந்த நாள் என்று ஒரு வரைபடத்துக்கு வேண்டிய நான்கு விவரமும் அதில் உண்டு. எழுதியபின் அது கோப்புக்குள் போய்விடுகிறது. வழியில் பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கான தாளாக மட்டுமே அது பயன்படுகிறது. ஒவ்வொரு பத்திரத்தையும் ஒரு கோடாக வரைந்தால், ஹஜ்ஜுக்கு முந்திய மாதத்தில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே கோடுகள் தடிக்கின்றன என்று ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். அனுமதி இல்லாமல் இரவில் போகும் மாடுகள் அதில் வராது என்பது எனக்குத் தெரியும். மாகாணம் முழுக்க மாதக்கணக்கில் அடைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இரவு வழிகள் பெருகுகின்றன என்பதும் தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும். சிறிய, குறுகிய காலத் தடைகளுக்கு மக்கள் கட்டுப்படுவார்கள். பெரிய தடைகள் வியாபாரத்தை இருட்டுக்குத் தள்ளும்; இருட்டில் போகும் மாட்டை எந்த வரைபடமும் காட்டாது.

பால் சேகரிப்பவரும் ஒரு தகவல் வழி. மில்கோவுக்கும் பன்னலையிலுள்ள தனியார் தொழிற்சாலைக்கும் பால் எடுப்பவர்கள் நாள் தவறாமல் ஒரே பாதையில் போகிறார்கள். ஒரு வீட்டில் பால் திடீரென்று பாதியாகக் குறைந்தால் அதை முதலில் காண்பவர் அவர்தான். கட்டி எழும்புமுன் காய்ச்சலிலேயே பால் குறையும். அந்தக் குறைவு பால் கணக்குக் கொப்பியில் அன்றே பதிவாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி நோயை அறிவிப்பது உரிமையாளரின் கடமை. ஆனால் அறிவித்தவருக்கு நடப்பதைப் பாருங்கள். அவர் பட்டி அடைக்கப்படும், பால் நிற்கும், வாங்க வந்த தரகர் திரும்பிப் போவார், ஊர் முழுக்க அவர் பெயர் அடிபடும். அறிவிக்காதவருக்கு ஒன்றும் நடக்காது. இந்த நிலையில் ஒருவர் கட்டி தெரிந்த மாட்டை அவசரமாக விற்றுவிட்டால், நான் அவரைக் குற்றவாளி என்று சொல்லத் தயங்குவேன். பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அவரிடம் இருப்பது அந்த மாடுதான். ஆகவே வரைபடத்தின் முதல் செலவு கணினிக்கோ மென்பொருளுக்கோ போகக்கூடாது. நோயை முதலில் சொன்னவருக்குக் கொடுக்கும் நட்டஈட்டுக்குப் போகவேண்டும். பால் நின்ற நாட்களுக்கு ஒரு தொகை, இறந்த மாட்டுக்கு ஒரு தொகை, சிகிச்சை இலவசம். இவற்றை உறுதியாகச் சொன்னால் வெள்ளையாகக் கிடக்கும் ஊர்கள் தாமாகவே நிறம் பெறும். வெளியிடும் வரைபடத்தில் பட்டியின் புள்ளி தெரியவேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவு தெரிந்தால் போதும். பெயரும் வளவும் வைத்தியரின் பதிவேட்டில் இருக்கட்டும்.

தடுப்பூசியும் வரைபடத்தைக் கேட்டே நடக்கவேண்டும். 2016இல் பால்கன் நாடுகள் இந்த நோயை அடக்கியது எப்படி என்பதைப் படித்தால் நமக்குத் தைரியம் வரும். பல்கேரியாவும் சேர்பியாவும் நோய்கண்ட ஊரோடு நிற்காமல், அது அடுத்துப் போகக்கூடிய பகுதிகள் முழுவதிலும் மாடுகளுக்கு ஊசி போட்டன. குரோஷியா நோய் வருமுன்பே போட்டது; நோய் அங்கே நுழையவே இல்லை. போட்ட ஊசி பலன்தர ஏறத்தாழ மூன்று வாரம் வேண்டும். நோய் வந்த ஊருக்கு ஊசியோடு ஓடினால் எப்போதும் மூன்று வாரம் பிந்தியே நிற்போம். இங்கே ஈயும் நுளம்பும் பெருகுவது வடகீழ்ப் பருவமழையோடு. சாணமும் ஊறிய வைக்கோலும் கலந்து அழுகும் பட்டி ஓரங்களில்தான் கடிக்கும் ஈ முட்டையிடுகிறது. எனவே ஊசி ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் முடிந்திருக்கவேண்டும்.

இதில் இன்னொரு நகர்வும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. 2023இல் ஜூன் கடைசியில் வந்தது, 2030களின் கடைசியில் டிசெம்பர், ஜனவரிக்குள் வந்துவிடும். மாடுகள் அதிகமாகப் பயணம் செய்யும் வாரங்களும் ஈக்கள் அதிகமாகக் கடிக்கும் வாரங்களும் அப்போது ஒன்றின்மேல் ஒன்று விழும். லொறியின் வேகமும் ஈயின் வேகமும் ஒரே மாதத்தில் கூடுவதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் இருக்கின்றன.

மாகாணத் திணைக்களம் ஒரு பக்கம், பேராதனை கெட்டம்பேயிலுள்ள மத்திய கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் மறுபக்கம் என்று அதிகாரம் பிரிந்து கிடப்பதைக் காரணம் காட்டுவார்கள். 2024 ஒக்டோபரில் மேல் மாகாணத்தில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, சில வாரங்களில் நாடெங்கும் கட்டுப்பாடுகள் விதிக்கவேண்டி வந்தபோதும் மாகாண எல்லை நோயை நிறுத்தவில்லை. இரண்டு திணைக்களமும் ஒரே வரைபடத்தில் எழுதவேண்டும். அதுவரை காத்திராமல் ஓர் ஊரில் தொடங்கலாம். மதுரங்குளிப் பக்கத்துக் கால்நடை வைத்தியரும், கனமூலையின் மாட்டுக்காரர்களும், பள்ளிவாசல் நிர்வாகமும், கிராம உத்தியோகத்தரும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து, பட்டிகளையும் மேய்ச்சல் இடங்களையும் தண்ணீர்க் குளங்களையும் மாடு வாங்கிவரும் ஊர்களையும் ஒரு பெரிய தாளில் குறிக்கட்டும். மாரிக்கு ஒரு தாள், கோடைக்கு ஒரு தாள். வாரம் ஒருமுறை 'பார்த்தோம், இல்லை' அல்லது 'பார்த்தோம், இருக்கிறது' என்று அதில் பதியட்டும். அடுத்த தடவை மாகாணத்தை அடைக்கும் உத்தரவு எழுதப்படும்போது, அந்த மேசையில் கனமூலையின் தாளும் இருக்கவேண்டும்.